துண்டில்லாமல் கொடுத்த குளிசைகள்

கொட்டாஞ்சேனை,
28.02.1999

அன்புள்ள றவூப் மச்சான்,

நோபேட் அண்ணரின் மருமகன் நாளைக்கு டோகா வருகிறாராம். அவரிடம் கொடுத்துவிட இதை அவசரமாக எழுதுகிறேன். நேற்று ரெலிபோனில் மருந்தின் பெயரைச் சொல்லி முடிக்கவே நேரம் போய்விட்டது. "என்ன நடந்த, றஞ்சிக்கு என்ன நடந்த" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், வைத்துவிட்டேன்.

பத்தொன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை, கப்பல் கொம்பனியில் ரெலிபோன் போட்டுக்கு முன்னால் இருந்து லைன் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வயிற்றுநோ தொடங்கியிருக்கிறது. உனக்குத் தெரிந்த அதே நோதான், வலது பக்கம். வீட்டுக்கு வந்து படுத்தவள், "றவூப் நானாட கடையில அந்தக் குளிசையை வாங்கிக்கொண்டு வாங்கோ. திங்கக்கிழமை எனக்கு லீவு எடுக்கேலாது" என்றாள். நீ போனபிறகு கடையைப் பார்க்கிற உன் மைத்துனன் பலீல் எப்போதும் போல நாலு சிப்ரோவும் நாலு மஞ்சள் குளிசையும் கடதாசியில் மடித்துத் தந்தான். இந்தமுறை குளிசைக்கு நோ அடங்கவில்லை. ஞாயிறு காலையில் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. தொட விடவில்லை.

அப்போதும் அவள் ஆஸ்பத்திரிக்கு மாட்டேன் என்றுதான் நின்றாள். முந்தி ஒருமுறை அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்ததைப் பார்த்து, செக்பொயின்றில் அவளைப் பகல் முழுக்க இருத்தி வைத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அதற்குப் பிறகு வருத்தம் என்றால் அவளுக்கு உன் கடைதான் ஆஸ்பத்திரி. ஆனால் அன்றைக்கு அதே செக்பொயின்றில் நின்ற ஆமிக்காரன் எங்கள் திறீவீலருக்குள் குனிந்து அவளின் முகத்தைப் பார்த்தான். அட்டையைக் கேட்கக்கூட இல்லை. "யன்ன, யன்ன", போங்கள் என்று கையைக் காட்டி விட்டுவிட்டான். இவ்வளவு நாளும் எதற்குப் பயந்தோம் என்று இருந்தது.

குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்ததாம். அன்றைக்கே ஒப்பரேசன் செய்து கழுவினார்கள். ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை திரும்பவும் திறந்தார்கள். முதல் நாள் எடுத்த சீழின் றிப்போட் நேற்று வந்தது. பன்னிரண்டு மருந்தின் பெயர் இருக்கிறது. பதினொன்று அந்தக் கிருமிக்கு வேலை செய்யாதாம். செய்கிற ஒன்றுதான் நான் உனக்குச் சொன்ன மெறொப்பெனம். ஆஸ்பத்திரியில் அது இல்லை. மூன்று நாளுக்குப் போதுமான குப்பி வெள்ளவத்தையில் கிடைத்தது. மிச்சத்துக்கு கல்கிசை வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

பேர்ணடெற் தாயைப் பார்க்க என்னோடு வாட்டுக்கு வருகிறாள், அழுவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அழாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குளிசை விசயம் நான் ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் கதைக்கவில்லை. நீ யோசிக்காதே.

உன்,
வலன்ரைன்


டோகா,
04.03.1999

என் அருமை வலன்ரைன்,

உன் கடிதத்தைப் பார்மசிக் கவுண்டரில் நின்றபடியே வாசித்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு மருந்தையும் என்னால் நம்பி எடுத்துக் கொடுக்க முடியவில்லை. மற்றப் பொடியனை நிற்கச் சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் ஸாலிஹ் நாளைக்கு லீவில் வருகிறார், வத்தளைக்காரர். முப்பது குப்பி அனுப்புகிறேன். தூள் மருந்துதான், ஐஸ் தேவையில்லை. எயார்போட்டில் கேட்டால் காட்டுவதற்கு எங்கள் பார்மசியின் கடிதமும் வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். "ஒருவரிடமும் கதைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். டொக்டர் கேட்கவில்லையா? கேட்டும் நீ சொல்லவில்லையா? இதோடு வேறொரு தாள் வைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில். என்ன குளிசை, என்ன அளவு, எந்தெந்த மாதம் என்று ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் என் கையால் மட்டும் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்று நாலு குளிசை. நோ நின்றதும் நிறுத்திவிடுவாள். டொக்டர் மருந்து எழுதின துண்டு ஒருநாளும் நான் கேட்கவில்லை. அந்தத் தாளை டொக்டரிடம் கொடு. என் பெயரையும் கடையின் பெயரையும் சொல்லு. வருவது எனக்கு வரட்டும்.

அரைகுறையாக அடிபட்ட கிருமி சாகாது மச்சான். மிஞ்சினது மருந்தைப் பழகிக்கொண்டு பெருகும். நான் இதை இங்கே வந்து படிக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் சோதினையில் எழுதிப் பாஸ் பண்ணினது. தெரிந்துகொண்டேதான் கொடுத்தேன். றஞ்சி வந்து கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "நானா, அந்தச் செக்பொயின்றைத் தாண்ட என்னால ஏலாது" என்று சொன்னால், அந்த முகத்துக்கு முன்னால் சோதினையில் எழுதினது ஞாபகத்துக்கு வருவதில்லை.

என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன், ஜவாஹிறா வெள்ளவத்தையிலிருந்து வாட்டுக்கு வருவாள். ஐந்து நேரத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

உன்,
றவூப்


கொட்டாஞ்சேனை,
13.03.1999

அன்புள்ள றவூப் மச்சான்,

மருந்து கிடைத்தது. ஸாலிஹ் வத்தளைக்குக்கூடப் போகாமல், எயார்போட்டிலிருந்து நேரே பெட்டியோடு வாட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு நான் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் கொடுக்கவில்லை. நீ எழுதும்போது என் நன்றியைச் சொல்லு.

காய்ச்சல் நூறுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. நேற்று அவளாகவே தலையணையை நிமிர்த்தச் சொன்னாள். ஜவாஹிறா கொண்டுவந்த சூப்பை வாட்டு நேர்ஸ் மிஸ்ஸி உள்ளே விடவில்லை. "மணத்தையாவது விடுங்கோ மிஸ்ஸி" என்று றஞ்சிதம் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அவளின் சிரிப்பைக் கேட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதவேண்டும். டொக்டர் கேட்டார். போன மாதம் இருபத்தோராம் திகதி, ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக முதல், "இதுக்கு முன்னம் ஏதும் அன்ரிபயோற்றிக் பாவிச்சவவா?" என்று என்னிடம் நேராகக் கேட்டார். வாட்டு வாசலில் பொலிஸ்காரன் நின்றான். அதற்கு முதல் கிழமைதான் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடைக்காரரை, வன்னிக்கு மருந்து அனுப்பினார் என்று விசாரணைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவரிடமும் துண்டில்லாமல் விற்றதற்குத்தான் கணக்குக் கேட்டார்களாம். எனக்கு உன் கடையும் பலீலும் அவனின் சின்னப் பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்தார்கள். "இல்லை டொக்டர், பனடோல் மட்டும்தான்" என்றேன்.

றஞ்சிதம் அப்போது நினைவோடுதான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

உன் தாளை ஏழாம் திகதி கொடுத்தேன். நின்றபடியே இரண்டுதரம் வாசித்தார். "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா, நான் அந்த மருந்திலை தொடங்கியிருக்க மாட்டன்" என்றார். ஏசவில்லை. கடையின் பெயரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, றவூப். தாளை பைலில் குத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முதல் ஐந்து நாளும் சேலைனில் போனது பலீல் தந்த அதே சிப்ரோதான் என்று பிறகு மிஸ்ஸி சொன்னாள்.

றஞ்சிதத்திடம் நேற்று மன்னிப்புக் கேட்டேன். "நானும்தானே வாயை மூடிக்கொண்டிருந்தனான்" என்றாள். பிறகு, "புதுக்கடைக் கோட்டடியில லோயருக்கு சத்தியக்கடதாசி ரைப் அடிக்கிற ஆள், இப்பிடி ஒரு பொய்யைச் சொல்லலாமா?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள்.

உன்,
வலன்ரைன்


டோகா,
25.03.1999

என் அருமை வலன்ரைன்,

அல்ஹம்துலில்லாஹ். உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. சிரித்தாள் என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மருந்து பத்து நாள் தாண்டியிருக்கும். இன்னும் தேவையென்றால் உடனே சொல்லு. வாய்வழியாகச் சாப்பிடத் தொடங்கினாளா? கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சூப்பை மணக்க மட்டும் விட்டார்கள் என்று ஜவாஹிறாவுக்குப் பெரிய மனக்குறை. வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பெரிய சட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு வருவேன் என்கிறாள்.

பொய் சொன்னதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே. அந்தப் பொய்யைச் சொல்லவேண்டிய இடத்தில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். துண்டில்லாமல் இனி ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று பலீலுக்கு எழுதினேன். "நாம குடுக்காட்டி அடுத்த கடைக்குப் போறாங்க நானா, என்ன செய்ய" என்று பதில் எழுதியிருக்கிறான். அவனை எப்படி ஏசுவது? நான் பழக்கிய பழக்கம்தானே.

டிசம்பரில் ஒரு மாதம் லீவு தருவார்கள். றஞ்சியின் கையால் மீன்குழம்பு சாப்பிடாமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லு.

உன்,
றவூப்


டோகா,
20.07.1999

வலன்ரைன்,

நீ பதில் எழுதாமல் விட்ட பிறகு நான் எழுதும் நாலாவது கடிதம் இது. முதல் மூன்றும் கிடைத்தது என்று ஜவாஹிறா சொல்கிறாள். பேர்ணடெற்றை மாதா கோவிலடியில் கண்டாளாம். "அப்பா இப்ப ஒண்டும் எழுதிறதில்லை அன்ரி" என்றாளாம்.

றஞ்சி மவுத்தான செய்தியை ஜவாஹிறாதான் ரெலிபோனில் சொன்னாள். அன்றைக்குக் காலையில்தான், மீன்குழம்பு பற்றி எழுதின அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தேன். அது உன் கைக்கு எப்போது வந்திருக்கும் என்று யோசித்து யோசித்தே எனக்கு இவ்வளவு மாதமும் போனது. அடக்கம் முடிந்த வீட்டுக்குள் அந்த வார்த்தைகள் வந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். மற்றதற்கு மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னை ஏசியாவது நாலு வரி எழுது. முப்பத்தைந்து வருடத்தில் நீ என்னோடு கதைக்காமல் இருந்தது, பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்த அந்த ஒரு கிழமை மட்டும்தான். டிசம்பரில் வருகிறேன். வந்த அன்றைக்கே வீட்டுக்கு வருவேன்.

றவூப்


கொட்டாஞ்சேனை,
17.10.1999

அன்புள்ள றவூப்,

நாலு கடிதமும் கிடைத்தது. முதல் இரண்டையும் வாசித்தேன். மற்ற இரண்டையும் பேர்ணடெற்தான் உடைத்து வாசித்துச் சொன்னாள்.

உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். மார்ச் இருபதாம் திகதி காய்ச்சல் திரும்ப ஏறியது. குடலில் தைத்த இடம் விட்டுவிட்டது என்றார்கள். பிறகு கிட்னி வேலை செய்யாமல், சலம் போவது நின்றது. இருபத்தேழாம் திகதி, சனிக்கிழமை காலை, பேர்ணடெற் தலையை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது உயிர் போனது. பாதித் தலைதான் வாரியிருந்தாள். மிச்சத்தையும் வாரிப் பின்னி முடித்துவிட்டுத்தான் மிஸ்ஸியைக் கூப்பிட்டாள்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். நல்ல மனிதர். மருந்தில் பிழையில்லை, பிந்திவிட்டது என்றார். முதல் நாளே சரியான மருந்து போயிருந்தால் தப்பியிருப்பாவா என்று கேட்டேன். "அதை நான் சொல்லேலாது, ஒருத்தராலும் சொல்லேலாது" என்றார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பலீல் கோவிலுக்கு வந்தான். பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கடையை மூன்று நாள் பூட்டியிருந்தான். அவனோடு எனக்குக் கோபமில்லை. உன்னோடும் கோபமென்று சொல்ல முடியவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. உன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னை ஏசி நாலு வரி எழுதியிருப்பேன், பிறகு எல்லாம் ஆறியிருக்கும். நீ கேட்காமலே நான் உன்னைக் காப்பாற்றினேன். என் பெண்சாதி பக்கத்தில் படுத்திருக்க, நான் உன் கடையை நினைத்தேன்.

ஓகஸ்டில் பேர்ணடெற்றுக்குக் காய்ச்சலும் வயிற்றுநோவும் வந்தது. உன் கடை வாசலைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செக்பொயின்றில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். டொக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம், கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். அவளுக்கு மூன்று வயதில் என்ன மருந்து கொடுத்தோம் என்பதுவரைக்கும் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சலத்தில் கிருமி, பெரிதாக ஒன்றுமில்லை, ஏழு நாள் மருந்து என்றார். மூன்றாம் நாளே சுகமாகிவிட்டது. "இனி வேண்டாம் அப்பா" என்றாள். ஏழாம் நாள் கடைசிக் குளிசையை விழுங்கும்வரை பக்கத்தில் நின்றேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். அப்போதுதான் அவள் அழுதாள், தாய் செத்ததற்குப் பிறகு முதல் தரமாக. நானும் அழுதேன்.

டிசம்பரில் வரும்போது வீட்டுக்கு வரவேண்டாம். வெள்ளவத்தைக்கு பேர்ணடெற்றை அனுப்புகிறேன். உன்னைப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டாள். ஜவாஹிறா அன்ரியோடு இரண்டு நாள் நின்றுவிட்டு வரட்டும். நீ அவளைத் திறீவீலரில் திருப்பிக் கொண்டுவந்து விடும்போது, சந்தியில் இறக்கிவிடு. வீட்டு வாசலுக்கு வந்தால் நான் கதவைத் திறந்து "வா மச்சான்" என்று சொல்லிவிடுவேன், றவூப். எனக்கு இப்போது அதற்கு மனமில்லை.

வலன்ரைன்