குப்பை வண்டிப் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நீங்கள் குப்பை வண்டி ஓட்டும் படத்தை ஸ்டேட்டஸிலிருந்து எடுக்கச் சொன்னீர்கள். எடுக்க மாட்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் ஒருவன், "என்னடா, போனைத் தாண்டி நாத்தம் வருதே" என்றான்.

"உங்க வீட்டுக் குப்பைடா, அப்படித்தான் நாறும்" என்றேன்.

அன்று மாலையே, இதுவரை என்னோடு பேசாத மூன்று பேர் மெசேஜ் அனுப்பினார்கள். "எங்கப்பாவும் இதே வேலைதான்டா, யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று ஒருவன் எழுதியிருந்தான். இப்போது நால்வரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். இரண்டு வருடம் தனியாகச் சாப்பிட்டவனுக்கு இது பெரிய விஷயம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு படம் அனுப்புங்கள். கல்யாணங்களுக்குப் போடும் சட்டை வேண்டாம், சீருடையிலேயே நில்லுங்கள். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகன்