கண் எழுதாத நாற்பது வீரர்கள்

அரியலூர்,
ஞாயிறு காலை.

அன்பிற்கினிய கணவர் மணிவேல் அவர்களே! அவர் உரக்கப் படிப்பதை அடுத்த கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் செல்லதுரை அண்ணன் அவர்களே! ஓமன் சுரங்கத்தில் கல்வண்டி ஓட்டும் ஏனைய தோழர்களே!

என் குறையை முதலிலேயே முன்வைக்கிறேன். ஈராண்டில் திரும்புவேன் என்று சென்ற என் கணவர், மேலும் ஈராண்டுக்கான ஒப்பந்தத்தில் வரும் வியாழனன்று கையெழுத்திடப் போகிறாராம். அதை எதிர்த்தே இக்கடிதம். கைப்பேசியில் பேசினால், "மைக் இல்லாமயே மீட்டிங் போடுறியே மலரு" என்று சிரித்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறீர்கள். ஆகவே தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். எழுத்தை யாரும் இடைமறிக்க இயலாது.

வீட்டில் அனைவரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

அடுத்து ஒரு குற்ற ஒப்புதல். உங்கள் போர் விளையாட்டுப் பொம்மைகளில் நான் கை வைத்துவிட்டேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்குந்துகள் தார்ப்பாய் போர்த்தாமல் ஊரையே வெண்புழுதியில் மூழ்கடிப்பதைக் கண்டித்து, சென்ற மாதப் பொதுக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு வந்தேன். ஈராண்டாகப் பூட்டிக் கிடந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தால், உங்கள் ஆறு பீரங்கி வண்டிகளின் மீதும் அதே புழுதி! என் வீட்டுக்குள்ளேயே இந்த அநீதியா என்று பொங்கினேன். சோப்பு நீரில் ஊறவைத்து, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, பளபளவென்று அடுக்கி வைத்தேன்.

மறுநாள் பெரம்பலூரிலிருந்து பாலாஜி பேருந்தில் வந்தார். மேசையில் படை நிறுத்தி உங்களோடு பகடை உருட்டும் தம்பிக்கு, உங்கள் வண்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக ஆசை. பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ அண்ணி, அது அழுக்கு இல்ல! அண்ணன் நாலு மாசம் ஒக்காந்து பூசுன புழுதி. சண்டையில ஓடுன வண்டி புதுசாவா இருக்கும்? இப்ப பாருங்க, ஷோரூம்ல நிக்கிற மாதிரி நிக்குது" என்றார்.



தவற்றைத் திருத்தியாக வேண்டும். காலி ஊறுகாய்ப் புட்டியோடு கீழப்பழுவூர்ச் சாலைக்குச் சென்று, ஓரத்தில் படிந்த புழுதியைக் கூட்டி அள்ளினேன். தேநீர்க் கடை மருதாயி, "என்னக்கா, கலெக்டருக்கு மனுவோட சாம்பிளும் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல! பாலாஜி கற்றுத்தந்தபடி துணியில் சலித்து, பசைநீர் தொட்டு, எட்டு நாள் பூசினேன். ஆறு வண்டிகளும் மீண்டும் களத்திலிருந்து திரும்பியவை போல நிற்கின்றன. ஆறாண்டு நான் எதிர்த்து முழங்கிய புழுதி அது.

பிறகுதான் காலாட்படையைக் கவனித்தேன். கட்டைவிரல் உயர நாற்பது வீரர்கள். சட்டைப் பொத்தான் வரை, மீசை வரை எழுதியிருக்கிறீர்கள். கண் மட்டும் எழுதவில்லை. புறப்பட்ட அன்று, "கண்ணு மட்டும் நான் வந்துதான் வெப்பேன், ஒருத்தரும் தொடக்கூடாது" என்றீர்கள். கோயில் சிலைக்கா கண் திறக்கப் போகிறீர்கள் என்று நான் நகையாடினேன். "கை பழகிருச்சுல்ல, கண்ணையும் நீங்களே வெச்சிருங்களேன் அண்ணி" என்றார் பாலாஜி. மிக மெல்லிய தூரிகையை மையில் தோய்த்து ஒரு வீரனின் முகத்தருகே கொண்டுபோனேன். பின்பு கழுவி வைத்துவிட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷந்தானே" என்கிறீர்கள். நாற்பது பேரும் இப்போது வாசலை நோக்கி நிற்கிறார்கள். அப்படித் திருப்பி நிறுத்தியவள் நான்தான்.

ஆகவே தோழர்கள் முன்னிலையில் கேட்கிறேன். வியாழனன்று கையெழுத்திடாதீர்கள். உங்கள் பழைய மேற்பார்வையாளர் இங்கே ஓட்டுநர் தேடுகிறார்; பேசிவிட்டேன். பயணச்சீட்டை இன்றே எடுத்து, அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். செல்லதுரை அண்ணா, அவர் சட்டைப்பையில் உள்ள பேனாவை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் இத்துடன் நிறைவுற்றது. அடுத்த வரியை உரக்கப் படிக்க வேண்டாம்.

என்னங்க, வந்துடுங்க.

தங்கள்
மலர்கொடி