ஏரிக்குப் போகும் சாம்பல் பாதை

பிரியமுள்ள அத்திம்பேருக்குக் கோமு எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அக்கா சௌக்கியம். முழங்கால் வலியைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். நானும் சௌக்கியம். ஏரிதான் சௌக்கியமாக இல்லை.

தென் கல்கத்தாவில் நம்மவர்கள் பொங்கலுக்குப் போடும் மலரில் இதை அச்சிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும். எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அந்த நாலு பேருக்காவது காரணம் தெரிந்திருக்கும். இந்த வரியைப் பார்த்தால் அக்கா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அதனால் அவளுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை.

படிக்கிறவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் போயின. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காவோடு சீதனம் மாதிரி நானும் ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் தண்டவாளம் பராமரிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. நான் வீட்டில் உட்கார்ந்தபடியே ஹவுராவில் ஒரு ஸ்டூடியோவுக்கு நெகடிவ் டச் செய்து கொடுக்கிறேன். கல்யாணப் பெண்களின் முகத்திலிருக்கும் அம்மைத் தழும்பையெல்லாம் பென்சிலால் மறைக்கிற வேலை. தர்மதலாவில் பழைய ரஷ்யக் கேமரா ஒன்றை எனக்கு வாங்கி வந்ததும் நீங்கள்தான்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம், குளிர்காலமானால் ஏரி முழுக்கச் சீழ்க்கைச் சத்தம் கேட்கும். ஷோரால் என்று வங்காளிகள் சொல்லும் வாத்துகள் வந்து இறங்கிவிட்டன என்று தெரியும். வருஷக்கணக்காக நான் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் ஓர் ஓடை, அப்புறம் சேறு, என் சக்கர நாற்காலி எங்கே போகும்?

"ஏண்டி கோமு, சத்தத்தை எல்லாம் போட்டோ புடிக்க முடியாதோ?" என்று ஒரு நாள் கேலி செய்தீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் ஆட்களோடு கிளம்பிவிட்டீர்கள். ஓடையின் மேல், லைனிலிருந்து கழித்துப்போட்ட சிலீப்பர் கட்டைகளைப் பாலமாகப் போட்டீர்கள். சேற்றின் மேல் எஞ்சின் சாம்பலைக் கொட்டி, லைனுக்குக் கல் இறுக்குகிற மாதிரியே இறுக்கினீர்கள். தண்ணீர் ஓரத்தில் சக்கரம் நிற்பதற்கு ஒரு கட்டையைக் குறுக்கே வைத்துப் பெரிய ஆணிகளாக அடித்தீர்கள். பாதை நாற்காலியைவிட ஒரு சாண்தான் கூடுதல் அகலம். இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டால் என்ன என்று அக்கா கேட்டாள்.

"அகலமாப் போட்டா மாடு வரும். மாட்டுக்குப் பின்னாடி மனுஷா வருவா. இவ போறதுக்கு இது போறும்" என்றீர்கள்.

முதல் தடவை அந்தப் பாதை முடிகிற இடத்தில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்தபோது கேமராவைத் தூக்கவே மறந்துபோனேன். என் கால்களைப் பற்றி யாரும் கேட்காத இடம் உலகத்தில் ஒன்று இருந்தது, அத்திம்பேர். நீங்கள் கொடுத்தது அதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

விஸ்வகர்மா பூஜையன்று ஒவ்வொரு வருஷமும் கடப்பாரை, சம்மட்டி, தள்ளுவண்டிகளோடு என் நாற்காலியையும் யார்டு பந்தலில் வைத்துப் பொட்டும் மாலையும் போடுவீர்களே, நீங்கள் கண்ணை மூடின பிறகும் அந்த வழக்கத்தை உங்கள் ஆட்கள் விடவில்லை. போன பூஜைக்கும் உங்கள் ஆட்களில் மூத்தவரான நிமாய்தா வந்து நாற்காலியை எடுத்துப்போனார். ஆனால் மாலை போட்டது அவர் இல்லை. ஹால்தார் பாபு என்று ஒரு புதுக் கான்டிராக்டர். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். பந்தல் செலவு முழுவதும் அவருடையது. மாலையைப் போட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்று அழைத்து வங்காள மொழியில் சொன்னார்:

"நம்ம தீதி எவ்வளவு கஷ்டப்பட்டு ஏரிக்குப் போறாங்க! இந்தப் பாதையை அகலப்படுத்திக் கொடுக்கறது நம்ம எல்லார் கடமை. நான் செஞ்சு தர்றேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைய வழக்கப்படி பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நூலைப் பிடித்தபடி தட்டினார்கள். நானும் கை கூப்பினேன். அக்கா மட்டும் என் தோளில் வைத்திருந்த கையை அழுத்திக்கொண்டே இருந்தாள். இத்தனை நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போது அதில் கெடுதல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பாதை அகலமாயிற்று. செங்கல் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டினார்கள். ஓடைப் பாலத்தையும் அகலமாக்கி, உங்கள் கட்டைகளுக்கு அடியில் பழைய ரயில் துண்டுகளைச் செருகினார்கள். முதல் நாள் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. "என் கைக்கு லேசா இருக்குடி" என்று அக்காவே சொன்னாள்.

பிறகு ஜல்லியில் என் சக்கரத்தின் தடத்துக்குப் பக்கத்தில் வேறு தடங்கள் தெரிய ஆரம்பித்தன. லாரியின் தடங்கள். நாங்கள் போகும் நேரத்தில் ஒரு லாரியும் இருக்காது, தடம் மட்டும் ஈரமாக இருக்கும்.

எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்தது கேமராதான். போன வருஷமும் இந்த வருஷமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வடக்குக் கரையில் தண்ணீரைத் தொட்டபடி நின்றதே ஒரு ஈச்சமரம், அது இப்போது கட்டாந்தரையில் நிற்கிறது. மரம் நகருமா? அதற்கு முன்னால் இடிந்த வீட்டுச் செங்கலும் மண்ணும் குப்பையும் மேடாகியிருக்கின்றன. தண்ணீருக்குள் வரிசையாக மூங்கில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ஏரியைத் தூர்த்து மனையாக்குகிறார்கள்; வாரத்துக்கு வாரம் அந்த வரிசை ஏரிக்குள் முன்னேறிக்கொண்டே போகிறது. வாத்துகள் நடுவில் ஆகாயத்தாமரைத் திட்டில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. போன குளிருக்கு என் காதை அடைத்த சத்தம் இந்தக் குளிருக்கு அடுப்படி வரைகூட வரவில்லை.

சுற்றிலும் லைன்களும் சேறுமாக இருப்பதால் லாரி ஏரிக்குப் போக வேறு வழி கிடையாது. என் பாதை ஒன்றுதான் வழி.

யார்டு ஆபீசில் இப்போது இருக்கும் சாகேபிடம் போய்ப் படங்களைக் காட்டினேன். நல்ல மனிதர், டீ வரவழைத்துக் கொடுத்தார். "அந்தப் பாலம் ரயில்வே நிலத்தில் இருப்பதே உங்களுக்காகத்தான். அதை அடைத்தால் நீங்கள் எப்படிப் போவீர்கள்?" என்றார். நாற்காலி மட்டும் நுழைகிற மாதிரி குறுக்கே கம்பம் நடலாமே என்றேன். நட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது அங்கே குழி மட்டும் இருந்தது.

அதற்கடுத்த வாரம் நல்ல பனி. அக்காவின் கை தெரிகிறது, முகம் தெரியவில்லை, அப்படி ஒரு பனி. பழகின பாதைதானே என்று தள்ளிக்கொண்டு போனாள். முடிகிற இடத்தில் கட்டை தடுக்கும், நிற்கும் என்று இருவருக்கும் நினைப்பு. தடுக்கவில்லை. முன்சக்கரங்கள் தண்ணீருக்குள் இறங்கின. அக்கா கைப்பிடியை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்துவிட்டாள். "பகவானே, பகவானே" என்று அவள் சொல்வது மட்டும் கேட்டது. என் பாதங்கள் தண்ணீருக்குள் இருந்தன. அந்தக் குளிர் எனக்கு நன்றாகத் தெரிந்தது, காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

பனி விலகினதும் பார்த்தோம். கட்டை இல்லை. ஆணி இருந்த இடத்தில் துளைகள் சுத்தமாக இருந்தன. கடப்பாரை போட்டு ஆற அமரப் பிடுங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் ஹால்தார் பாபு சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார். நீங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பனிக்காலம், தீதி. ஜாக்கிரதையா இருக்கணும். சக்கரம் தண்ணிக்குள்ள போயிட்டா ஐயோ, நினைச்சாலே கஷ்டமா இருக்கு" என்றார். என் பாதங்களையே பார்த்தார். அக்கா காபி கொடுத்தாள். அவர் போனதும் பெட்டியைத் திறக்காமலே குப்பையில் போட்டாள்.

அவருக்கு எப்படித் தெரிந்தது, அத்திம்பேர்? பனிக்குள் யார் நின்றுகொண்டிருந்தார்கள்? எங்களைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?

நிமாய்தாவைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். பற்ற வைக்க எடுத்த பீடியைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். பிறகு, "பாலத்தைத் தூக்கிட்டா லாரி வராது. மறுபடி போட ரயில்வே உத்தரவு வேணும். ஹால்தாருக்கு யார் உத்தரவு கொடுப்பாங்க? இத்தனை நாள் உன்னைக் காட்டித்தானே ஓட்டிக்கிட்டிருக்கான்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா அது தாதா, உன் அத்திம்பேர், உனக்காகப் போட்டது. எனக்குப் பாலம் வேண்டாம்னு நீயே சாகேப் கிட்டச் சொல்லணும். நீ சொல்லாம ஒரு கட்டையை நாங்க தொட மாட்டோம்" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"பின்னே நீ எப்படிப் போவே?" என்றாள்.

"போக மாட்டேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. என் முழங்காலுக்கு ரெஸ்ட்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று.

எனக்குக் கோபமாக வருகிறது, அத்திம்பேர். ஊரெல்லாம் ஓடியாடித் திரிகிறவர்கள் மண்ணைக் கொட்டுவார்கள், நடக்க முடியாதவள் தன் ஒரே வழியை எடுத்துக் கொடுக்க வேண்டும். இது என்ன நியாயம்? நீங்கள் இருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பீர்களா? இரண்டு வாரமாக யோசித்துவிட்டேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வடக்குக் கரை போய்விட்டது. இன்னொரு குளிருக்குள் நடுவில் இருக்கும் திட்டும் போய்விடும். அப்போது பாதை இருந்து நான் எதைப் பார்க்கப் போகிறேன்?

நாளைக் காலை ஆபீசுக்குப் போகிறேன். பறவை பார்க்கும் ஆசை விட்டுப்போய்விட்டது, பாலம் தேவையில்லை என்று சாகேபிடம் சொல்வேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய் நான் சொன்னதில்லை. அவர் நம்புவார். எங்களைப் போன்றவர்களுக்கு ஆசை சீக்கிரம் விட்டுப்போய்விடும் என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம் உண்டு.

அதன் பிறகு ஹால்தார் என்ன செய்வார் என்று தெரியாது. வாசல் கதவுக்கு நிமாய்தா புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்திருக்கிறார். சந்தேஷ் பெட்டி வந்தால் வாங்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர்கள் உங்கள் கட்டைகளைத் தூக்கும்போது நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி, கடைசிக் கட்டை வரைக்கும் பார்ப்பேன். அழ மாட்டேன் என்று சொல்ல முடியாது, அழுவேன். ஆனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

உங்கள் செல்ல மச்சினி,
கோமதி