திரைக்கு இந்தப் பக்கம்

5 ஒக்டோபர் 2023, வியாழன்
பள்ளிவாசல்துறை

பகல் சோற்றுக்குச் சூடைமீன் ஆணம். மஃரிபுக்குப் பிறகு வழமைபோல் தக்கியா மண்டபத்தில் எல்லோரும் கூடி றாத்திபு ஓதினோம். ஆண்கள் முன்னால், நாங்கள் திரைக்குப் பின்னால். அந்தத் திரை நான் தைத்தது. அவர்கள் பைத்துப் பாட்டின் அடியை எடுத்துத்தர நாங்கள் சேர்ந்து திருப்பிச் சொல்லுவோம். நான் கலியாணம் முடித்து வந்த நாள் முதல் இப்படித்தான்.

இன்று எங்கள் சூஃபித் தரீக்காவை நடத்தும் கலீபாவுடைய மகன் ஹில்மி கெமராவும் மைக்கும் பூட்டியிருந்தான். முடிந்ததும் வந்து, “மாமி, பொம்பளைகள்ட குரல் லைவ்ல கேக்குது. வெளிநாட்டுல உள்ள வாப்பாட முரீதுகளெல்லாம் பாக்கிறாங்க. கொஞ்சம் தாழ்த்துங்கோ” என்றான்.

தாழ்த்துவதா? இதெல்லாம் பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று மற்றப் பள்ளிக்காரர் ஒலிபெருக்கி போட்டு ஏசிய காலத்திலும் நாங்கள் வாயை மூடவில்லை. இப்ப எங்கட ஆளே மூடச் சொல்றான்!

7 ஒக்டோபர்

இவரிடம் சொன்னேன். “லைவ் இல்லாட்டி பொடியன்மார் தக்கியாப் பக்கம் வருவானுகளா, றைஸா?” என்றார். சோறு போட்டேன். எழும்பிப் போய்விட்டேன்.

12 ஒக்டோபர், வியாழன்

திரையையே கழற்றிவிட்டார்கள். எங்களுக்குப் பக்கத்து அறை — கந்தூரிச் சோறாக்கும் சட்டிகள் அடுக்கும் அறை. அதில் ஒரு டிவி. “இதில லைவ் தெளிவா வரும் மாமி” என்றான் ஹில்மி.

தெளிவாம்! சுவருக்கு அப்பால் ஓதுவது டிவியில் வர எவ்வளவோ பிந்துகிறது. நாங்கள் இன்னும் துஆவுக்குக் கையேந்திக்கொண்டிருக்க, அங்கே சேர்ந்திருந்து சாப்பிடும் சகன் சோற்றுத் தட்டங்கள் வைக்கிற சத்தம். பக்கத்தில் இருந்த கிழவி ஹவ்வா உம்மா, “அடியே, அல்லாட பேரையும் ஆறவெச்சா தாறானுகள்?” என்றா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

19 ஒக்டோபர்

போகவில்லை. கையில் தஸ்பீஹ் மணி, மனம் முழுக்க ஏச்சு. யா அல்லாஹ், உன்னை நினைக்கிற திக்றா இது?

26 ஒக்டோபர்

இறைநேசர் முஹ்யித்தீன் ஆண்டகையின் நினைவுக் கந்தூரி. போகாமல் இருக்க மனம் வரவில்லை. பாதிப் பைத்தில் டிவி அப்படியே நின்றது, ஹில்மியின் வாய் திறந்தபடி. வயரைப் பிடுங்கி எறிந்தேன். சுவரில் காதை வைத்து, ஆண்கள் ஓதிக்கொண்டிருந்த அடியைப் பிடித்து உரத்துச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்தார்கள். தாழ்த்தவில்லை. ஒருத்தியும் தாழ்த்தவில்லை.

வரும் வழியில் இவர் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார்.

27 ஒக்டோபர்

ஜும்ஆ முடிந்து ஹில்மி வாசலில். ஏச வந்திருக்கிறான் என்று பார்த்தால், ஒரே சிரிப்பு!

“மாமி, ராவு உங்கட குரல் சுவரைத் தாண்டி லைவ்ல போயிட்டு. கத்தார்ல ஆக்கள் கேட்டு அழுதாங்களாம். பொம்பளைகளுக்கெண்டு தனி லைவ் ஒண்டு போடுவமா?”

“அண்டைக்குத் தாழ்த்தச் சொன்ன. இண்டைக்கு எங்கட குரலைக் கடையில தொங்கவிடப் போறியா?”

“அப்பிடியில்ல மாமி...”

“பேசாத. என்ட திரையைக் கொண்டு வந்து தா.”

2 நவம்பர், வியாழன்

தக்கியாவுக்குப் போகாமல் றாத்திபை எங்கள் வீட்டிலேயே வைத்தேன். ஹில்மி கொடுத்தனுப்பிய திரையை நானே கட்டினேன். நாங்கள் உள்ளே, வருகிற ஆண்களுக்கு முன் விறாந்தை. இவர் அங்கே பாய் விரித்தார்.

ஹில்மியும் வந்தான். “ஃபோனைச் செருப்போட வெச்சிட்டு வா” என்றேன். வைத்தான்.

இந்த முறை அடியை நாங்கள் எடுத்தோம். விறாந்தையிலிருந்து திருப்பிச் சொன்னவர்களில் அவன் குரல்தான் பெரிது. ராகம் வேறு பிசகியது. கோபம் இன்னும் தீரவில்லை. என்றாலும் நான் அவனைத் தாழ்த்தச் சொல்லவில்லை.