ஸ்டாண்டுக்கு ஒரு வீடு

உன் கேமராப் பையில் இன்னும் நாய் வாசனை அடிக்கிறது. வெயிலில் காய வைக்கலாம் என்று இன்று காலை எடுக்கப் போனேன். அதன்மேல் படுத்திருந்த ஸ்டாண்டு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள், நகரவில்லை. பையை அவளிடமே விட்டுவிட்டேன்.

நீ போய் சில மாதங்கள் ஆகின்றன. அவளுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தைப் படம் எடுக்கப் போன நீ, அடி அண்ணாமலையில் வேன் சக்கரத்தில் சிக்கிய குட்டியோடு திரும்பினாய். அன்று பத்திரிகைக்கு ஒரு படம்கூட இல்லை. முன்னங்கால் ஒன்றை டாக்டர் எடுத்த பிறகு நீயே பெயர் வைத்தாய். "கேமரா ஸ்டாண்டுக்கும் மூணு காலுதான்பா. மேடு பள்ளத்துல அதான் ஆடாம நிக்கும்."

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகப் பேசியதும் அவளைப் பற்றித்தான். "நல்ல வூடா பாத்துக் குடுத்துடு. நீ வெச்சிக்காத, உனக்கும் என் வயசுதான். இன்னொரு வாட்டி அது வாசலைப் பாத்துக்கினு உக்காரக் கூடாது."

முதலில் என் வழக்கப்படி எழுதினேன். முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிச் செய்தி எழுதிப் பழகிய கை. 'மூன்று கால் பெண் நாய், வயது ஒன்றரை' என்று தொடங்கி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். யாரும் கூப்பிடவில்லை. செங்கம் சாலை காபிக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருக்கு விசா முடிகிறது. தேய்பிறை அஷ்டமி தவறாமல் பைரவரைக் கும்பிட்டுத் தெரு நாய்களுக்கு பிஸ்கட் போடும் மளிகைக்கடைக்காரரிடம் கேட்டேன். சாமியின் வாகனம் ஊனமாக வீட்டில் இருந்தால் ஆகாது என்றார். ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்.

அப்போதுதான் நீ எடுத்த படம் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, காதை உயர்த்தி, நேராகப் பார்க்கிறாள். கால் இல்லாத பக்கத்தை நிழலில் விட்டிருந்தாய். இது பொய்யில்லையா என்று அன்று கேட்டேன். "முதல்ல மூஞ்சியப் பாக்கட்டும்பா. மூஞ்சி புடிச்சிப் போச்சுன்னா காலை எண்ண மாட்டாங்க" என்றாய்.

அந்தப் படத்தைப் போட்டேன். கால் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் எண்ணினார்கள்.

கேட் சத்தம் கேட்டதும் அவள் ஒவ்வொரு முறையும் துள்ளித் துள்ளி ஓடுவாள். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எதிரே முகங்கள் மாறும். கீழ்பென்னாத்தூரிலிருந்து கழனிக் காவலுக்கு நாய் தேடி ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். "திருடன் வந்தா இது தொரத்துமாங்க?" என்றார் அந்த அம்மா. "திருடனே பாவம்னு சோறு வெச்சிட்டுப் போவான்" என்றார் கணவர். ஸ்டாண்டு அவர் செருப்பை நக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று ஒரு பூக்கடைக்காரர் வந்தார். அவரிடம் மட்டும் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அதனால் என்ன, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், வாசலுக்கு ஓடி வர ஒன்று இருந்தால் போதும் என்றவர்.

கேட்டைத் திறந்தேன். ஸ்டாண்டு எழுந்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, காதை உயர்த்தி, கால் இல்லாத பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, உன் படத்தில் இருப்பதுபோலவே உட்கார்ந்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாலின் நுனிகூட அசையவில்லை.

அவர் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். கையை நீட்டினார். பிறகு எழுந்துகொண்டார். "காலு பரவால்ல சார். இது மன்சாளுங்களோட ஒட்டாது போலக்குதே."

கேட் மூடிய சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் எழுந்தாள். நொண்டி நொண்டிப் போய் உன் பையின்மேல் படுத்தாள். எழுந்து ஓடினால் வந்தவர்கள் போய்விடுவார்கள் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உன் படத்தை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். அவளிடமிருந்து அதை எடுக்க எனக்குத் தெரியவில்லை.