சாய்வு ஓரத்துக்கு லேஸ்

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்.
14.5.1961

அன்பு மகள் செசிலிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அங்கே லீட்ஸில் நீயும் சுகமாயிருப்பாய், அந்தக் குளிரைத் தவிர. டிசம்பரில் திரும்பாமல் இன்னும் இரண்டு வருடம் தங்கி, எந்தப் பின்னத்திலும் அடங்காத விகிதமுறா எண்களைப் படிக்கப்போவதாக நீ எழுதியதிலிருந்து அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முடியாத கணக்கை முடியாது என்று சொல்லவா இரண்டு வருடம், கப்பல் ஏறி வரச்சொல் என்கிறார். எனக்கும் அந்தக் கணக்கு விளங்கவில்லை, உன்னைப் பார்க்காமல் இருக்கிற கஷ்டம்தான் விளங்கியது.

இதற்கிடையில் ஜார்ஜ் சித்தப்பா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை வந்தது, முக்காடு தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஒரு கஜச் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டிவிட்டு, அந்தச் சாய்வு ஓரத்துக்கு எவ்வளவு லேஸ் வேண்டும் என்று அப்பாவைக் கேட்டேன். உன் பேராசிரியரை மடக்கிக் காட்டுகிறேன் பார் என்று பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நீளத்தையும் அதாலேயே பெருக்கி, துணியின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வருகிறதா என்று பார்த்தார். ஒரு கஜமும் பதினைந்து அங்குலமும் என்றால் மிஞ்சுகிறது, பதினாலேமுக்கால் என்றால் குறைகிறது. முக்காலோடு அரைக்கால் சேர்த்தாலும் குறைகிறது, அதற்கு மேல் அரைக்காலில் பாதியான ஒரு மாகாணி வைத்தால் மிஞ்சுகிறது. மாகாணியைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, கோப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். எந்தப் பின்னமும் சரியாகப் போய் உட்காரவில்லை. ஓரமோ என் மடியில் கிடக்கிறது, அதற்கு நீளமே இல்லை என்று யார் சொல்ல முடியும்? உனக்கு அங்கே என்ன வேலை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

லேஸ் கடை ஜைனப்பிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் விட்டே வெட்டுறேன் லா, பத்தாமப் போனா யாரு அழறது என்று இரண்டு விரல் கூட விட்டு வெட்டினாள். முக்காடு நன்றாக அமைந்தது.

கம்பளி போடாமல் வெளியே போகாதே. ஞாயிறு பூசையை விடாதே. தேவமாதா உன்னைக் காக்கட்டும். நீ கேட்டது இரண்டு வருடம், நானும் கொஞ்சம் விட்டே வெட்டியிருக்கிறேன். அப்பாவிடம் மூன்று என்று சொன்னேன், முனகினார், மறுக்கவில்லை. மிஞ்சினால் முன்னாலேயே வந்துவிடு, கண்ணே.

உன்னைப் பார்க்க ஏங்கும் அம்மா,
பிலோமினம்மாள்