சத்தமில்லாத விசிறி

மார்ச் 2, காலை 9.40
நிலவுக் குடில். எழுதுவது: பிலோமினா, பராமரிப்புப் பொறியாளர்.

இன்றைய வேலை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்றுவது. பழையது கூரைத் தகட்டிலேயே திருகப்பட்டிருக்கிறது. ஓட ஆரம்பித்தால் மாவு மில்லுக்குள் நிற்பது போல இருக்கும். அதன் அதிர்வு காதர் மைதீன் அண்ணனின் நிலவதிர்வுக் கருவியில் கோடு கோடாக விழுகிறது. அடுத்த அறையில் படுக்கும் அவருக்குத் தூக்கமும் இல்லை. சரக்குக் கலத்தில் வந்த புதிய விசிறியைக் குளியலறைக்கு மேலே உள்ள பரணில் வைத்து, மடங்கு குழாய் வழியாகக் காற்றை இழுக்க வேண்டும். குழாயின் மறுமுனை காற்றுச் சுத்திகரிப்பு எந்திரத்தில் சேரும்.

குடிலில் மூன்று பேர். நான், புவியியலாளர் காதர் அண்ணன், மருத்துவர் செண்பகம். செண்பகம் போன வாரம் வெளியே போகும் காற்றறைப் படியில் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். தனக்குத் தானே மாவுக்கட்டு போட்டுக்கொண்டு கட்டிலில் இருக்கிறாள்.

மார்ச் 2, மாலை 5.15
முடிந்தது. விசிறியை உத்தரத்தில் நேரடியாகத் திருகாமல் நான்கு ரப்பர் வார்களில் தொங்கவிட்டிருக்கிறேன். அதிர்வு கீழே இறங்காது. குழாய் தொய்யாமல் இழுத்துக் கட்டியாயிற்று. பரண் குளிர்ந்தால் ஈரக்காற்று குழாய்க்குள்ளேயே உறையும். ஆனால் அங்கே ஹீட்டர் எப்போதும் ஓடும். வரைபடத்திலும் அப்படித்தான்.

ஓடவிட்ட பிறகு காதர் அண்ணன் குளியலறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். வாக்கி டாக்கியில் பரணுக்குக் கேட்டது அவர் குரல்: "ஏம்மா பிலோ, போட்டியா இல்லையா? ஒண்ணும் கேக்கலையே." போட்டு அரைமணி ஆகிறது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ். இன்னைக்குத்தான் மனுசன் தூங்கப் போறேன்" என்றார்.

மார்ச் 9, காலை 8.00
பனிக்கட்டி மாதிரிகள் எடுக்க வண்டியில் குகைக்குக் கிளம்புகிறேன். நான்கு மணி நேரப் பயணம். இரண்டு நாள் வேலை. குடிலில் எல்லா அளவுகளும் சரி.

மார்ச் 10, காலை 11.05. குகை.
சூரியப் புயல் எச்சரிக்கை. பூமியின் தரை நிலையத்திலிருந்து கோமதிநாயகம் பேசினார்: "பெருசு பிலோமினா. நாம பாத்ததுலயே பெருசு. குகைய விட்டு வெளிய வராதீங்க. ஒரு நாள் முழுக்க நீடிக்கும் போலிருக்கு."

என் தலைக்கு மேல் எட்டு மீட்டர் பாறை. எனக்கு ஆபத்தில்லை.

குடிலில் இருவரும் குளியலறைக்குள் போய்விட்டார்கள். இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குடிலின் புயல் அறையே குளியலறைதான். அதன் நான்கு சுவரும், கூரையும், கதவும் தண்ணீர்த் தொட்டிகள். தண்ணீர் கதிர்வீச்சைத் தடுக்கும். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே காற்று ஓடுவது அந்த விசிறியால் மட்டும்தான்.

மார்ச் 10, பகல் 1.20
குடிலின் அளவுகள் இங்கே திரையில் வருகின்றன. விசிறி இழுக்கும் மின்சாரம் குறைந்துகொண்டே போகிறது. காற்றைத் தள்ளும் விசிறி அதிகம் இழுக்கும். வெறுமனே சுற்றும் விசிறி குறைவாக இழுக்கும்.

நான்: "அண்ணே, ஃபேன் ஓடுதா?"
காதர்: "பச்ச லைட்டு எரியுதும்மா."
நான்: "காத்து இழுக்கான்னு பாருங்க. ஒரு டிஷ்யூ பேப்பர எடுத்து மேல கம்பி வலைல வச்சுப் பிடிங்க."
காதர்: "வச்சேன். ஒட்ட மாட்டேங்கு. கீழ விழுது."

மார்ச் 10, பகல் 1.50
காரணம் தெரிந்துவிட்டது. புயல் வந்ததும் குடிலின் கட்டுப்பாட்டுக் கணினி மின்கலத்தைச் சேமிக்கத் தேவையற்றவை என்று பட்டியலிட்ட எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறது. பரண் ஹீட்டரும் அதில் அடக்கம். எங்கள் கூரைமேல் வெயில் படாது. பரண் உறைந்துவிட்டது. இருவர் மூச்சின் ஈரமும் குழாய்க்குள் பனியாக அடைத்திருக்கிறது.

ஹீட்டருக்குக் கையால் போடும் விசை கிடையாது; போடச் சொல்லிக் கட்டளை அனுப்பினேன். மறுக்கப்பட்டது. மறுபடி அனுப்பினேன். மறுக்கப்பட்டது. கோமதிநாயகமும் அங்கிருந்து முயல்கிறார். புயல் இரைச்சலில் பாதிக் கட்டளை சிதைந்து போகிறது.

மார்ச் 10, பகல் 2.30
கரியமில வாயுவை உறிஞ்சும் அவசர டப்பாக்கள் தீர்ந்துவிட்டன. அவை ஒருவருக்கான அளவு. தனிக் காற்று உள்ள விண்ணுடைகள் காற்றறையில் இருக்கின்றன; செண்பகத்தின் மாவுக்கட்டு எந்த உடைக்குள்ளும் நுழையாது. அவளுக்குத் தலைவலி தொடங்கியிருக்கிறது. கதவைத் திறந்தால் காற்று வரும். கதிர்வீச்சும் வரும், இருவருக்குமே.

அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். மறுப்பு. மறுப்பு. மறுப்பு.

மார்ச் 10, பகல் 2.50
காதர்: "நான் மேல ஏறி அந்தக் குழாயத் தட்டி விட்டுட்டு வாரேன்."
செண்பகம்: "வேண்டாண்ணே. பரணுக்கு மேல வெறும் தகடுதான் இருக்கு. எவ்வளவு கதிர்வீச்சு வாங்குவீங்கன்னு எனக்குத் தெரியும்."
காதர்: "பத்து நிமிசம்மா."
செண்பகம்: "அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க பேச்ச கேப்பாரு."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன். போகாதீர்கள் என்றால் செண்பகம் சாவாள். போங்கள் என்று எப்படிச் சொல்வது? அதற்குள் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. திறந்து, உடனே மூடியது.

மார்ச் 10, பகல் 3.10
மின்சார அளவு ஏறியது. குழாய் திறந்துவிட்டது. கத்தினேன். இறங்குங்கள், இறங்குங்கள் என்று கத்தினேன். இறங்கினார்.

மார்ச் 10, பகல் 3.35
மறுபடி குறைகிறது. மறுபடி பனி.

மார்ச் 10, பகல் 3.40
காதர்: "ஏறி ஏறி இறங்குனா கதவ எத்தன தடவ திறக்கது? அந்தப் பிள்ளைக்குத்தானே கேடு. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். போர்வ ரெண்டு எடுத்திருக்கேன். குழாயோட சேத்துச் சுத்திக்கிட்டுப் படுத்துக்கிட்டா சூடு ஏறும்."
நான்: "அண்ணே, ஹீட்டர் இப்ப வந்துரும். கொஞ்சம் பொறுங்க."
காதர்: "வரட்டும். வந்ததும் இறங்குதேன்."

ஹீட்டர் வரவில்லை. பலமுறை அனுப்பியும் வரவில்லை. இங்கே என் காலடியில் வண்டியின் ஹீட்டர் இதமாக ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

மார்ச் 10, மாலை 6.20
வாந்தி எடுக்கிறார். ஒலிவாங்கியை மூடிவிட்டு எடுக்கிறார். இருந்தும் தெரிகிறது. திறந்ததும் மகள் சபூராவைப் பற்றிப் பேசுகிறார். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு ஓடி மூன்றாவதாக வந்தாளாம். கீழே தண்ணீருக்கு நடுவே செண்பகம் அழுவது இன்னொரு அலைவரிசையில் கேட்கிறது. விசிறியின் அளவு சீராக இருக்கிறது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 11, காலை 10.30
புயல் தணிந்தது. கிளம்புகிறேன்.

மார்ச் 11, மாலை 4.00. குடில்.
செண்பகம் நலம். புயல் தணிந்ததும் காதர் அண்ணன் தானாகவே ஏணியில் இறங்கினாராம். முகம் மட்டும் வெயிலில் கிடந்தது போலச் சிவந்திருக்கிறது. டீ கேட்டார். செண்பகம் அவர் சட்டையிலிருந்த கதிர்வீச்சு அளவியை வாங்கிப் பார்த்தாள். தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 14, மாலை
நன்றாக இருக்கிறார். சாப்பிடுகிறார். செண்பகத்தின் கட்டிலருகே உட்கார்ந்து சீட்டு விளையாடித் தோற்கிறார். நான் சமையல் மேடையருகே போய்ச் செண்பகத்திடம் பிழைத்துவிடுவாரா என்று கேட்டேன். இப்படித்தான் சில நாள் நன்றாக இருப்பார்கள், அதற்கப்புறம்தான், என்றாள்.

மீட்புக் கலத்தைப் பற்றிக் கோமதிநாயகம்: "புயல்ல அதோட கணினியும் போயிட்டு. சரி செஞ்சு ஏவ அடுத்த மாசம் பாதி ஆயிரும். என்னய மன்னிச்சிருங்க." அவர் மேல் என்ன தவறு?

மார்ச் 20
காய்ச்சல். ஈறில் இரத்தம். சீப்போடு முடி வருகிறது. வீட்டோடு பேசும்போது கேமரா வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றார்.

மார்ச் 24
இருந்த மருந்தையெல்லாம் கொடுத்தாயிற்று. என் இரத்தம் அவருக்குச் சேரும். இரண்டு முறை கொடுத்தோம். மூன்றாவது முறைக்குச் செண்பகம் சம்மதிக்கவில்லை. வாயெல்லாம் புண். பேச்சு குழறுகிறது. வீட்டு அழைப்பை இன்று எடுக்கவில்லை.

பரண் ஹீட்டரின் கம்பியைக் கணினியிலிருந்து பிரித்து நேராக மின்கலத்தில் இணைத்துவிட்டேன். வருபவர்கள் அதை மாற்ற வேண்டாம். தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

மார்ச் 27, காலை 7.10
காதர் மைதீன் அண்ணன் காலமானார். செண்பகம் கையைப் பிடித்திருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.

மார்ச் 27, காலை 7.45
தரை நிலையத்துக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல உட்கார்ந்தபோது அவர் வீட்டிலிருந்து வழக்கமாக அழைக்கும் நேரம் வந்துவிட்டது. ஒலிபெருக்கி தானாகத் திறந்துகொண்டது.

"வாப்பா, சபூரா பேசுதேன். மூணு நாளா நீங்க வரல. கோவமா? கேமரா போட வேண்டாம் வாப்பா, சும்மா ஒரு 'ம்' மட்டும் சொல்லுங்க. நான் ஸ்கூலுக்குப் போணும். வாப்பா? லைன்ல யாரோ இருக்கீங்கல்லா? மூச்சு விடுதது கேக்கு. வாப்பாதானே?"

என் விரல் ஒலிவாங்கி விசையின் மேல் இருக்கிறது. அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் காத்திருக்கிறாள். நான் என்ன